அர்ச். தொன்போஸ்கோவும் ஒரு முத்திரைத்தாளும்



உங்கள் மகன் தொழில் பழகப் போகும் முதல் நாளில், அவன் நெற்றியில் சிலுவை வரைந்து அனுப்புகிறீர்கள். மிகவும் நல்லது. ஆனால் அவனை ஏற்றுக்கொண்ட பட்டறைக்காரரிடம் என்ன பேசி முடித்தீர்கள்? இதைப்பற்றி அர்ச். தொன்போஸ்கோவின் சரித்திரம் நமக்கு நல்ல புத்தி புகட்டுகிறது.

இவர் 1815-ம் ஆண்டு ஆகஸ்டு 16-ம் நாள், இத்தாலி தேசத்துப் பெக்கி என்னும் சிற்றூரில் ஏழைக் குடியானவர் வீட்டில் பிறந்தார். இரண்டு வயது நிரம்புமுன் தகப்பனாரை இழந்தார். தாயார் மார்கரீத்தம்மாள் பாடுபட்டு வளர்த்தாள். படிப்புச் செலவுக்கு வழி தேடிய காலத்தில் தையற்காரர் ஒருவரிடம் ஊசி பிடிக்கவும், கொல்லுப் பட்டறையில் சம்மட்டி அடிக்கவும் அரம் தேய்க்கவும் பழகினார். கியேரி நகரில் படிக்கையில் ஒரு காப்பிக்கடையில் ஊழியம் செய்து, பலகாரம் செய்யும் வித்தையையும் கற்றார். ஆகவே, தொழில் பழகும் பையன் படும் பாடு அவர் புத்தகத்தில் படித்ததல்ல; தம் கைகளால் அறிந்தது.

1841-ம் ஆண்டு ஜூன் 5-ம் நாள் குருப்பட்டம் பெற்றுத் துரீன் நகர் சேர்ந்தார். அங்கே அவர் கண்டது என்ன? நாட்டுப்புறத்திலிருந்து பிழைப்புத் தேடி வந்த சிறுவர்கள் கட்டட வேலையிலும் பட்டறைகளிலும் கிடந்து உழைத்தார்கள். கேட்பார் இல்லை. வழி தவறிய வாலிபர் பலர் சிறைச்சாலையில் இருந்தார்கள். அவர்களைச் சந்தித்த தொன்போஸ்கோ, வெளியே ஓர் உண்மையான சிநேகிதன் இருந்திருந்தால் இவர்கள் இங்கு வந்திருக்கமாட்டார்களே என்று மனம் வருந்தினார். ஞாயிறு தோறும் சிறுவர்களைக் கூட்டி ஞானோபதேசம் கற்பித்தார். வார நாட்களில் வேலைத்தலங்களுக்கே போய் அவர்களைப் பார்த்தார்.

அதோடு நின்றாரா? இல்லை. 1852-ம் ஆண்டு பெப்ருவரி 8-ம் நாள், ஒரு தச்சு மேஸ்திரிக்கும் தொழில் பழக வந்த ஒரு சிறுவனுக்கும் இடையே முத்திரைத்தாளில் ஓர் ஒப்பந்தம் எழுதப்பட்டது. மேஸ்திரி, சிறுவன், அவன் தகப்பனார், தொன்போஸ்கோ ஆகியோர் அதில் கையெழுத்திட்டார்கள். இவ்வித ஒப்பந்தங்களில் அவர் வைத்த நிபந்தனைகளைக் கேளுங்கள்: மேஸ்திரி தொழிலை ஒளிக்காமல் கற்றுக்கொடுக்க வேண்டும். தொழிலுக்குப் புறம்பான வேலைகளை வாங்கக்கூடாது. தவறு செய்தால் வாயால் திருத்தலாம், கை ஓங்கலாகாது. ஞாயிற்றுக்கிழமையும் கடன் திருநாளும் பூசைக்குப் போக விடவேண்டும். பேசிய கூலியைக் கொடுக்கவேண்டும். பையனுக்கும் கடமை உண்டு: கீழ்ப்படிந்து, கருத்தாய் உழைத்து, தன் அஜாக்கிரதையால் நேரும் நஷ்டத்துக்கு ஈடு செய்யவேண்டும்.

அடுத்த ஆண்டிலேயே தம் விடுதியில் செருப்புத் தைக்கும் தொழிலுக்கும் தையலுக்கும் பட்டறைகள் தொடங்கினார். பின்பு புத்தகம் கட்டுதல், தச்சு, அச்சு, கொல்லு வேலை என அவை பெருகின. 1888-ம் ஆண்டு ஜனவரி 31-ம் நாள் அவர் மரித்தார். 1906-ல் அவருடைய சபையார் தஞ்சாவூருக்கு வந்து சேர்ந்தார்கள். 1934-ம் ஆண்டு பாஸ்குத் திருநாளன்று பாப்பரசர் 11-ம் பத்திநாதர் அவருக்கு அர்ச்சியசிஷ்ட பட்டம் அளித்தார்.

பெற்றோரே, நம் தேசத்தின் 1961-ம் வருடத்துப் பழகுநர் சட்டமும் எழுத்து மூலமான ஒப்பந்தத்தைக் கேட்கிறது. மகனுக்காகக் கையெழுத்திடுமுன் அந்தத் தாளை வாசியுங்கள். வாசிக்கத் தெரியாவிட்டால் அறைவீட்டுக்குக் கொண்டுவாருங்கள், சேர்ந்து வாசிப்போம். பட்டறை நடத்தும் சகோதரரே, உம்மிடம் இருக்கும் பையன் தொழில் கற்கிறானா, அல்லது உம் வீட்டுக்குக் கடைச் சாமான் சுமக்கிறானா? ஞாயிறு பூசையில் அவனைக் காண்கிறோமா? நாசரேத்தூர்த் தச்சுப் பட்டறையில் வளர்ந்த நம் ஆண்டவர், ஒருநாள் அவன் சார்பாக நம்மிடம் கணக்குக் கேட்பார்.