பனித்துகளின் தோழர்

நம் ஊரில் பனி என்றால் மார்கழிக் காலையில் புல் நுனியில் நிற்கும் துளிதான். வடக்கே படிக்க வந்த பிறகு, சென்ற சனவரியில் நண்பர்களோடு சிம்லா சென்றபோதுதான், வானிலிருந்து விழும் வெண்பனியை முதன்முதல் கண்டேன். என் கறுப்புக் கம்பளிச் சட்டையின் கையில் ஒரு துகள் வந்து அமர்ந்தது. ஆறு கிளைகள்! நண்பனை அழைப்பதற்குள் நீராகிவிட்டது. அந்த ஒரு கணத்தைப் பிடித்து வைப்பதற்கே தம் வாழ்நாளைக் கொடுத்த உழவர் ஒருவரின் வரலாற்றை அன்பர்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

வில்சன் பெண்ட்லி 1865 பிப்ரவரி 9-ஆம் நாள், அமெரிக்காவின் வெர்மாண்ட் மாநிலத்தில், மலைகள் சூழ்ந்த ஜெரிக்கோ என்னும் சிற்றூரில் பிறந்தார். முன்பு ஆசிரியையாக இருந்த அன்னையே 14 வயது வரை அவருக்கு வீட்டில் பாடம் சொன்னார். அவ்வன்னை தந்த பழைய நுண்ணோக்கியே மகனுக்குக் கல்லூரி ஆயிற்று. நீண்ட குளிர்காலமே பாடநூல் ஆயிற்று.

நுண்ணோக்கியில் கண்ட படிகங்களை வரைய முயன்றார். வரைந்து முடிக்குமுன் அவை உருகின. புகைப்படக் கருவி வேண்டும் என்றார். அதன் விலை ஏறத்தாழ 100 டாலர். பால்மாடுகளை நம்பி வாழ்ந்த குடும்பத்துக்கு அது பெருந்தொகை. வீண்வேலை என்று எண்ணிய தந்தையும் இறுதியில் இசைந்தார். பல தோல்விகளுக்குப் பின், 1885 சனவரி 15 அன்று, 20 வயது நிரம்புமுன்னரே, ஒற்றைப் பனிப்படிகத்தைப் படம் பிடித்தார்.

தீ மூட்டாத கொட்டகையே அவரது ஆய்வுக்கூடம். கறுப்புப் பலகையில் துகளை ஏந்துவார். மெல்லிய குச்சியால் கண்ணாடித் தகட்டுக்கு மாற்றுவார். இறகால் மெல்லப் படிய வைப்பார். மூச்சுப் பட்டாலும் படிகம் அழியும். ஆகவே மூச்சை அடக்கிக்கொள்வார். இப்படி நாற்பதுக்கும் மேற்பட்ட குளிர்காலங்களில் 5,000-க்கும் மேற்பட்ட படங்கள் சேர்ந்தன. கோடையிலும் அவர் ஓயவில்லை. மாவு பரப்பிய தட்டில் மழையை ஏந்தி, திரண்ட உருண்டைகளை அளந்து, துளிகளின் பருமனைக் கணித்தார்.

அழகிய படிகங்களையே தேர்ந்தெடுத்தார், படத்தின் பின்னணியைச் சுரண்டினார் என்று ஜெர்மானிய அறிஞர் ஹெல்மன் குறை கூறினார். அதில் உண்மை உண்டு; இயற்கையில் ஒழுங்கற்ற துகள்களே மிகுதி. ஆயினும் அப்படங்களே ஜப்பானிய அறிஞர் நகாயாவின் ஆர்வத்தைத் தூண்டின. அவர் 1936-இல் ஆய்வுக்கூடத்திலேயே பனிப்படிகத்தை வளர்த்தார். வெப்பநிலையும் ஈரமும் மாற, வடிவமும் மாறுவதை விளக்கினார்.

ஹம்ப்ரீஸ் என்னும் வானிலை அறிஞரோடு பெண்ட்லி வெளியிட்ட நூல், 2,400-க்கும் மேற்பட்ட படங்களுடன் 1931-இல் வந்தது. அவ்வாண்டே, பனிப்புயலில் நடந்து வீடு திரும்பியவர், சளிக்காய்ச்சல் முற்றி டிசம்பர் 23 அன்று மறைந்தார்.

சென்ற மாதம், மூன்று வாரமாக நான் வளர்த்த படிகம் என் கவனக்குறைவால் கரைந்துபோயிற்று. இந்தப் படிப்பே நமக்கு வேண்டாம் என்று அன்றிரவு எண்ணினேன். பிறகு ஜெரிக்கோவின் கொட்டகை நினைவுக்கு வந்தது. மறுநாள் காலை மீண்டும் கரைசலைக் காய்ச்சத் தொடங்கினேன்.