பிள்ளைப் பாட்டுக்கு ஓர் ஆசான்

தாய்முகம் அறியாது வளர்ந்த ஒருவர், பிற்காலத்தில் தாய்மார்க்குப் பிள்ளைப் பாட்டுக் கற்பித்த ஆசிரியராயினர் என்றால், அதனைக் கேட்கும் நமக்கு வியப்பும் இரக்கமும் ஒருங்கே தோன்றும். அவரே ஜெர்மானியக் கல்வியாளராகிய பிரெடெரிக் புரோபெல் என்பார்.

இவர் 1782-ஆம் ஆண்டு ஏப்ரல் 21-ஆம் நாள், துரிங்கியா நாட்டில் ஓபர்வைஸ்பாக் என்னும் சிற்றூரிற் பிறந்தனர். தந்தையார் அவ்வூர்ச் சபைப் போதகர். ஓராண்டு நிரம்புமுன்னரே அன்னையார் காலமாயினர். தந்தையார்க்கோ ஓயாத சபைப்பணி. சிற்றன்னைக்கோ தம் மகவு பிறந்தபின் இப்பிள்ளைமேல் அன்பு குன்றிற்று. கூடி விளையாடுவாரின்றித் தனித்து வாடிய சிறுவனை, ஊரிலிருந்த பெண்பள்ளியிற் சேர்த்தனர். ஆங்குச் சிறுமியர் பயின்ற ஞானப்பாட்டுக்கள் அவர் நெஞ்சிற் பதிந்து ஆறுதல் தந்தன. முதிர்ந்த வயதினும் அவற்றை அவர் மறந்திலர். பத்தாம் வயதில் மாமனார் ஒருவர் தம் இல்லத்துக்கு அழைத்துச் சென்ற பின்னரே, ஒத்த பிள்ளைகளோடு கூடும் இன்பத்தை அவர் நுகர்ந்தனர்.

வாலிபத்தில் பல தொழில்களிற் புகுந்தும் மனம் அமையாத புரோபெல், 1805-இல் பிராங்பர்ட்டு நகரில் ஆசிரியராயினர். 1808 முதல் 1810 வரை சுவிட்சர்லாந்தில் பெஸ்டலாட்சி என்னும் பேராசானிடம் தங்கிக் கற்பிக்கும் முறையை ஆராய்ந்தனர். 1817-இல் கெயில்ஹாவில் பாடசாலை நடத்தத் தொடங்கினர். ஆயினும், பள்ளிக்கு வருமுன்னரே பிள்ளையின் குணம் உருவாகத் தொடங்குகின்றது என்னும் உண்மை அவரை விடவில்லை. ஆகவே 1837-இல் பிளாங்கன்பர்க்கு என்னும் ஊரில் இளங்குழந்தைகட்கென ஒரு நிலையம் நிறுவி, 1840-இல் அதற்குக் கிண்டர்கார்ட்டன், அதாவது குழந்தைகளின் தோட்டம், எனப் பெயரிட்டனர்.

அத்தோட்டத்தில் இசையின் தொழில் யாது? ஒன்று கூறுவோம். பிள்ளைகள் சிலர் கைகோத்து வட்டமாக நின்று புறாக்கூடு ஆவர், உள்ளிருப்போர் புறாக்கள். பாட்டின் வழியே கூடு திறக்கும்; புறாக்கள் பறந்து சென்று மீளும்; மீண்டவை தாம் கண்டதைக் கூறும்; பின் கூடு மூடும். முந்திப் பறந்தால் ஆட்டம் கெடும். கையை விட்டால் கூடு சிதையும். ஆகவே பிறர்க்காகக் காத்திருத்தல், பிறர் குரலுக்குத் தன் குரலை இசைத்தல், கூச்சம் நீங்கிப் பேசுதல் ஆகியவற்றைக் குழந்தை அடியும் அதட்டலுமின்றிப் பயிலும். 1844-இல் வெளிவந்த அவருடைய தாய்ப்பாட்டு நூல், இவ்வகை விரல் விளையாட்டுக்களைப் பாட்டும் படமுமாகத் தாய்மார்க்கு அளித்தது. அவர் பெருங்கவிஞரல்லர், பாட்டின் அழகினும், பாடும் தாய்க்கும் சேய்க்கும் இடையே வளரும் அன்பையே அவர் நாடினர்.

1850-ஆம் ஆண்டு ஆகஸ்டில் ஆல்ட்டன்ஸ்டைன் என்னுமிடத்தில் ஏறத்தாழ 300 குழந்தைகளைத் திரட்டிப் பாட்டும் ஆட்டமுமாகப் பெருவிழா நடத்தினர். மறு ஆண்டே இடி விழுந்தது. அவர் தமையனார் மகன் ஒருவர் கொள்கையையும் இவர் கொள்கையையும் ஒன்றெனக் குழப்பி, பிரஷ்ய அரசாங்கம் இவ்விளம்பிள்ளைப் பள்ளிகளைத் தெய்வ பக்திக்கு மாறானவையெனத் தடுத்தது. எத்துணை முயன்றும் தடை நீங்கவில்லை. 1852-ஆம் ஆண்டு ஜூன் 21-ஆம் நாள் புரோபெல் உயிர் நீத்தனர். 1860-இல் தடை நீங்கிற்று. அதனைக் காண அவர் இல்லை.

நிற்க. 2010-இல் லைப்ஸிக் நகர ஆராய்ச்சியாளர் இருவர், நான்கு வயதுப் பிள்ளைகளை ஆராய்ந்து வெளியிட்ட முடிவு ஈண்டு நினையத்தக்கது. கூடிப் பாடி ஆடிய பிள்ளைகள், பாட்டின்றி விளையாடியவரினும் பின்னர் ஒருவர்க்கொருவர் மிகுதியாக உதவினர். தனிமையில் வாடிய சிறுவன் தன் நெஞ்சால் உணர்ந்ததை அறிவு நூலும் பிற்காலத்தே கண்டது என்னலாம்.

நம்முள் ஆசிரியப்பணி மேற்கொள்வார் பலர். பாட்டு நேரத்தை வீண்பொழுதென எண்ணுமுன், வட்டத்துக்கு வெளியே தனித்து நிற்கும் பிள்ளை எது என நோக்குவோமாக. அதன் கையைப் பற்றி உள்ளே அழைப்பதே புரோபெலுக்கு நாம் செய்யும் நன்றியாகும்.