அரண்மனைச் சுவரிலிருந்து சாமி மேடைக்கு: ஓவியர் இராஜா ரவிவர்மா

தோட்டத்து லயமாக இருந்தாலும் பட்டணத்து அடுக்குமாடி வீடாக இருந்தாலும் நம்மவர் வீட்டுச் சாமி மேடையில் ஒரு லட்சுமி படம் இருக்கும். தாமரை மேல் நிற்கும் தாயார், நான்கு கைகள், பட்டுப்புடவை, பக்கத்தில் யானை, பின்னால் தண்ணீர். வெள்ளைப் புடவை உடுத்தி வீணையோடு அமர்ந்திருக்கும் சரஸ்வதி படமும் அப்படித்தான். இந்த முகங்களைப் பார்த்துப் பழகிய நமக்கு, சாமிகள் ஆதியிலிருந்தே இப்படித்தான் இருந்தார்கள் என்ற எண்ணம் வந்துவிட்டது.

உண்மையில் இந்த உருவங்கள் நம் வீட்டுக்கு வந்து நூற்று முப்பது ஆண்டுகள்தாம் ஆகின்றன. அவற்றுக்கு மூலமாக நின்றவர் கேரளத்தின் கிளிமானூரில் பிறந்த ஓவியர் இராஜா ரவிவர்மா. அவர் தமிழர் அல்லர். ஆனால் அவர் கலை வாழ்க்கையின் திருப்பங்களில் எல்லாம் ஏதோ ஒரு தமிழ் முகம் எட்டிப் பார்க்கிறது.

1848 ஏப்ரல் 29ஆம் நாள், திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் உள்ள கிளிமானூர் அரண்மனையில் அவர் பிறந்தார். தாயார் உமையாம்பா கவிதை புனையத் தெரிந்தவர். தாய்மாமன் இராஜராஜ வர்மா தஞ்சாவூர் பாணியில் படம் வரைபவர். சிறுவன் கரித்துண்டால் அரண்மனைச் சுவரெல்லாம் கிறுக்கி வைத்ததாகவும், வேலைக்காரர்கள் முறையிட, மாமன் மட்டும் அதில் கையோட்டத்தைக் கண்டு கொண்டதாகவும் ஒரு கதை சொல்வார்கள். கதையோ நிஜமோ, முதல் பாடம் மாமனிடம்தான். அதாவது, தமிழ் மண்ணின் தஞ்சாவூர் ஓவிய மரபில்தான் அவர் கை பழகத் தொடங்கியது.

பதினான்கு வயதில் மாமன் அவரைத் திருவனந்தபுரத்துக்கு அழைத்துச் சென்றார். அப்போது ஆட்சியில் இருந்த ஆயில்யம் திருநாள் மகாராஜா கலைகளை மதிப்பவர். பையனை அரண்மனையில் தங்கிப் படம் பழகச் சொன்னார். இங்கேதான் சிக்கல் தொடங்கியது. ரவிவர்மாவுக்கு எண்ணெய் வண்ணத்தில் வரைய ஆசை. அது ஐரோப்பியரின் கலை. ஈரம் காயாமல் நாள் கணக்கில் நிற்கும் வண்ணம் என்பதால் தோலின் மினுமினுப்பையும் பட்டின் மடிப்பையும் அதில் குழைத்துக் கொண்டு வரலாம். அந்த வித்தை தெரிந்த அரண்மனை ஓவியர் இராமசாமி நாயக்கர், மதுரைப் பக்கத்திலிருந்து வந்தவர். அவர் இந்தப் புதுப் பையனுக்கு எண்ணெய் வண்ணத்தின் நுணுக்கத்தைச் சொல்லித்தர மனம் வைக்கவில்லை. நாயக்கரிடம் வேலை பழகிய ஆறுமுகம் பிள்ளைதான் குருவுக்குத் தெரியாமல், தமக்குத் தெரிந்ததை ரவிவர்மாவுக்குக் காட்டிக் கொடுத்தார் என்று அவர் வாழ்க்கையை எழுதியவர்கள் குறிப்பிடுகிறார்கள்.

1868இல் தியோடர் ஜென்சன் என்ற ஐரோப்பிய உருவப்பட ஓவியர் அரண்மனைக்கு வந்தார். அவரும் கற்றுத் தரச் சம்மதிக்கவில்லை. தாம் வரையும்போது பக்கத்தில் நின்று பார்க்க மட்டும் அனுமதித்தார். பார்த்தது போதும் என்றாகிவிட்டது. பிறகு தானே வரைந்து, தானே அழித்து, மறுபடி வரைந்து கற்றவர் ரவிவர்மா. தொழிலைக் கற்றுத் தராமல் மூடி வைப்பது நம் சமூகத்துக்குப் புதிதல்ல. ஆனால் மூடி வைத்தவரை இன்று யாருக்கும் அதிகம் தெரியவில்லை. இரக்கத்தோடு சொல்லிக் கொடுத்த ஆறுமுகம் பிள்ளையையும் நாம் மறந்துவிட்டோம் என்பதுதான் வருத்தம்.

1866இல் மாவேலிக்கரை அரச குடும்பத்தைச் சேர்ந்த பகீரதி பாயை அவர் மணந்தார். 1870இல் கொல்லூர் மூகாம்பிகை கோயிலுக்குப் போய் வணங்கிவிட்டு, ஓவியத்தையே தொழிலாகக் கொள்வது என்று முடிவெடுத்தார். இதை இன்று படிக்கும்போது பெரிதாகத் தோன்றாது. அரச குடும்பத்தோடு உறவுடைய ஒருவர் காசு வாங்கிக்கொண்டு படம் வரைவது அக்காலத்தில் கௌரவமான காரியமாகக் கருதப்படவில்லை. படம் எழுதுவது கைவினைஞர் வேலை. அந்த வேலையைச் செய்துதான் வாழ்வேன் என்று ஒரு கோயித்தம்புரான் இறங்கினார்.

அவரை உலகுக்குக் காட்டியது சென்னையில் நடந்த நுண்கலைக் கண்காட்சி. அந்தக் காலத்துக் கண்காட்சிகளைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். 1851இல் இலண்டனில் நடந்த மாபெரும் கண்காட்சிக்குத் திருவிதாங்கூரிலிருந்து யானைத் தந்தத்தால் இழைத்த சிம்மாசனம் ஒன்று போனது. பார்த்தவர்கள் அசந்து போனார்கள். ஆனால் அதைச் செதுக்கியவர்கள் கலைஞர்கள் என்று போற்றப்படவில்லை. நெசவு, பித்தளை வேலை, தந்த வேலை, மரச் செதுக்கு எல்லாம் இந்தியாவின் கைத்தொழில் என்ற கணக்கில் போய்விடும். நுண்கலை என்ற பிரிவு வெள்ளைக்காரர்களுக்கு உரியது. சென்னையிலும் சட்டம் போட்டு மாட்டிய ஓவியங்களில் பெரும்பாலானவை இங்கே பணியாற்றிய ஆங்கிலேயரும் அவர்கள் வீட்டுப் பெண்களும் வரைந்தவை.

அந்தச் சுவரில் 1873இல் ரவிவர்மாவின் படம் ஏறியது. நாயர் குலப் பெண் ஒருத்தி கண்ணாடி பார்த்துக் கூந்தலில் மல்லிகைச் சரம் சூடிக்கொள்கிறாள். அவ்வளவுதான் படம். அரசியும் இல்லை, போர்க்களமும் இல்லை. நம் வீட்டுப் பெண்கள் தினமும் செய்கிற காரியம். கவர்னரின் தங்கப் பதக்கம் அந்தப் படத்துக்குக் கிடைத்தது. அதே படம் அதே ஆண்டில் ஆஸ்திரியாவின் வியன்னா நகரில் நடந்த உலகக் கண்காட்சிக்கும் போய்ப் பாராட்டுப் பெற்றது. அப்போது அவருக்கு வயது இருபத்தைந்து.

அடுத்த ஆண்டு சென்னைக்கு அவர் அனுப்பியது ஒரு தமிழ்ப் பெண்ணின் படம். ஸ்வரபத் என்ற தந்தி வாத்தியத்தை அவள் மீட்டிக் கொண்டிருக்கிறாள். அதற்கும் தங்கப் பதக்கம். 1875இல் இங்கிலாந்து இளவரசர் இந்தியாவுக்கு வந்தபோது மகாராஜா அவருக்குக் கொடுத்த பரிசுகளில் அந்தப் படமும் இருந்தது. 1876இல் சகுந்தலை தாமரை இலையில் காதல் கடிதம் எழுதும் படம் சென்னைக் கண்காட்சிக்கு வந்தது. கவர்னர் பக்கிங்காம் பிரபு அதை விலை கொடுத்தே வாங்கினார். சாகுந்தலத்தை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்த மோனியர் வில்லியம்ஸ் தம் நூலின் முகப்புப் படமாக அதைச் சேர்த்துக் கொண்டார்.

நல்ல காலம் நீடிக்கவில்லை. 1880இல் ஆயில்யம் திருநாள் மறைந்தார். அடுத்து வந்த மகாராஜாவுக்கும் ஓவியருக்கும் ஒத்துப் போகவில்லை. ரவிவர்மா திருவனந்தபுரத்தை விட்டுக் கிளம்பினார். ஒரு வாசல் மூடியபோது வேறு வாசலைத் திறந்து விட்டவர் கும்பகோணத்தில் பிறந்த சர் டி. மாதவராவ். திருவிதாங்கூரில் திவானாக இருந்து, பிறகு பரோடாவில் அதே பொறுப்பை ஏற்றவர். ரவிவர்மா வரைந்த சீதை பூமிக்குள் மறையும் படத்தை அவர் பரோடாவுக்கு வாங்கினார். இளம் மன்னர் சாயாஜிராவ் கெய்க்வாட்டுக்கு ஓவியர் அறிமுகமானதும் அவர் வழியாகத்தான்.

அந்த மன்னர் பின்னாளில் தம் புதிய லட்சுமி விலாஸ் அரண்மனைக்காக இராமாயணம், மகாபாரதம், புராணங்களிலிருந்து பதினான்கு படங்கள் கேட்டார். கூலி 50,000 ரூபாய். ரவிவர்மாவும் அவருடைய தம்பி சி. இராஜராஜ வர்மாவும் வட இந்தியாவைச் சுற்றி வந்தார்கள். திரௌபதிக்கும் தமயந்திக்கும் என்ன உடை உடுத்துவது என்பதே பெரிய கேள்வி. ஊருக்கு ஊர் பெண்கள் ஒவ்வொரு விதமாக உடுத்தினார்கள். மலையாளப் பெண் முண்டு கட்டினாள், மராட்டியப் பெண் ஒன்பது கஜம், தமிழ்ப் பெண் வேறு கட்டு. எல்லா ஊர்க்காரருக்கும் தம் வீட்டுப் பெண்ணாகத் தோன்ற வேண்டும் என்று யோசித்துப் புடவையைத் தேர்ந்தெடுத்தார்கள். இன்று நம் சாமி படங்களில் புடவை இருப்பதற்கு இந்தப் பயணமும் ஒரு காரணம். மைசூர் அரண்மனைக்காக அவர் வரைந்த இசைக் கலைஞர்கள் படத்தில் பல பிரதேசத்துப் பெண்கள் பதினொருவர் அவரவர் உடையோடு ஒன்றாக அமர்ந்திருப்பதும் இதே யோசனையின் பலன்தான்.

தம்பியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். அவரும் நல்ல ஓவியர். இயற்கைக் காட்சிகளில் தேர்ந்தவர். அண்ணனின் பல படங்களில் பின்னணியில் தெரியும் மலையும் நீரும் அவர் கைவேலை. கடிதம், கணக்கு, பயணம் எல்லாம் அவர் பொறுப்பு. அவர் ஆங்கிலத்தில் எழுதி வைத்த நாட்குறிப்பு கிடைத்திருக்காவிட்டால் ரவிவர்மாவின் கடைசிப் பத்து ஆண்டுகளைப் பற்றி நமக்குப் பாதிகூடத் தெரிந்திருக்காது.

பதினான்கு படங்களும் முடிந்ததும் திருவனந்தபுரத்திலும் பம்பாயிலும் பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்பட்டன. கூட்டம் அலைமோதியது. அரண்மனைக்குள் போக முடியாதவர்கள், ஓவியம் வாங்கக் கனவிலும் வழியில்லாதவர்கள் எல்லாம் வந்து நின்று பார்த்தார்கள். இப்படங்களை அச்சிட்டு எளியவர் வீட்டுக்கும் அனுப்பலாமே என்று மாதவராவ் 1884ஆம் ஆண்டிலேயே ஓவியருக்குக் கடிதம் எழுதியிருந்தார். பம்பாய்க் கூட்டத்தைப் பார்த்த பிறகு அந்த யோசனை அவர் மனத்தில் வேர் பிடித்திருக்க வேண்டும்.

1893இல் அமெரிக்காவின் சிகாகோ உலகக் கண்காட்சிக்கு அவருடைய பத்துப் படங்கள் போயின. சுவாமி விவேகானந்தர் உரையாற்றிய அதே ஆண்டு, அதே ஊர். இரண்டு பதக்கங்கள் கிடைத்தன. இந்தியாவின் பல பகுதிப் பெண்களைக் காட்டும் படங்கள் அவை. தெருவில் பாடிப் பிழைக்கும் ஏழை நாடோடிக் குடும்பத்தின் படமும் அவற்றில் ஒன்று.

மறு ஆண்டு, 1894இல், பம்பாயில் சொந்தமாக அச்சகம் தொடங்கினார். எந்திரமும் கைதேர்ந்த ஆட்களும் ஜெர்மனியிலிருந்து வந்தார்கள். கல்லச்சு என்பது பொறுமையான வேலை. வழவழப்பான சுண்ணாம்புக் கல்லின் மேல் கொழுப்புள்ள மையால் படத்தை எழுதுவார்கள். கல்லை நனைத்து மை தடவினால், எழுதிய இடத்தில் மட்டும் மை ஒட்டும். ஈரமான இடம் அதைத் தள்ளிவிடும். ஒரு வண்ணத்துக்கு ஒரு கல். லட்சுமியின் முகத்துக்கும் புடவைக்கும் தாமரைக்கும் தனித்தனிக் கற்கள். ஒரே தாளை ஒவ்வொரு கல்லிலும் மயிரிழை பிசகாமல் அழுத்தி எடுத்து, கடைசியில் எண்ணெய் ஓவியம் போலப் பளபளக்க வார்னிஷ் பூசுவார்கள். சகுந்தலையின் பிறப்புதான் முதலில் வெளிவந்த படம். பின்னர் லட்சுமி, சரஸ்வதி என்று வரிசையாக வந்தன. வாங்கிய பெண்கள் அந்தப் படங்களின் மேல் ஜரிகையும் மணியும் தைத்து அலங்கரித்துக் கொண்டார்கள்.

இதில் அடங்கிய பெரிய விஷயம் வண்ணமோ பளபளப்போ அல்ல. அன்றைய திருவிதாங்கூரிலும் தமிழ்நாட்டிலும் கோயில் வாசற்படியைத் தாண்ட முடியாத மக்கள் இலட்சக்கணக்கில் இருந்தார்கள். பால்மரக் காட்டுக்குக் கப்பல் ஏறி வந்த நம் முன்னோரில் பலர் அவர்களில் அடக்கம். கருவறைச் சிலையை ஒரு நாளும் கிட்டத்தில் பார்த்திராதவர்கள். சில அணாக் காசுக்குக் கிடைத்த ஒரு தாளில், லட்சுமி அவர்களைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு நின்றாள். பூசாரி வேண்டாம், அனுமதி வேண்டாம். ரவிவர்மா இதை ஒரு சீர்திருத்தமாக நினைத்துச் செய்தாரா என்றால், அப்படிச் சொல்வது மிகை. அவர் மரபில் ஊறிய மனிதர். அச்சகம் அவருக்கு வியாபாரமும்கூட. இருந்தாலும் நடந்தது நடந்ததுதான். 1900இல் அவருடைய பேத்திகள் இருவர் திருவிதாங்கூர் அரச குடும்பத்துக்குத் தத்துப் போனார்கள். அவர்களில் ஒருவரின் மகனான சித்திரைத் திருநாள் மகாராஜாதான் 1936 நவம்பர் 12ஆம் நாள் ஆலய நுழைவுப் பிரகடனத்தில் கையெழுத்திட்டவர்.

அச்சகம் அவருக்கு நிம்மதி தரவில்லை. பம்பாயில் பிளேக் நோய் பரவியது, தொழில் படுத்தது, கடன் ஏறியது. அச்சகத்தை லோனாவாலா அருகே மளவ்லிக்கு மாற்றிப் பார்த்தார்கள். கடைசியில் அங்கே வேலை பார்த்த ஜெர்மானியரான ஷ்லைக்கருக்கே படங்களின் உரிமையோடு விற்க வேண்டி வந்தது. இந்திய சினிமாவின் தந்தை எனப்படும் தாதாசாகேப் பால்கே இளமையில் வேலை பார்த்த இடம் அந்த அச்சகம். படம் வீடு வீடாகப் போனது, பணம் படைத்தவனிடம் வரவில்லை. கலைஞர்கள் கதையில் இது அடிக்கடி கேட்கிற ராகம்.

1904இல் பிரிட்டிஷ் அரசு கைசர்-இ-ஹிந்த் தங்கப் பதக்கம் அளித்தது. 1905இல் தம்பி இறந்தார். வலது கை போனது போல ஆனார் அண்ணன். நீரிழிவு நோயும் சேர்ந்து கொண்டது. 1906 அக்டோபர் 2ஆம் நாள், தமது ஐம்பத்தெட்டாம் வயதில் ரவிவர்மா காலமானார்.

அவர் மறைந்த சூட்டிலேயே விமர்சனமும் கிளம்பியது. யாழ்ப்பாணத் தமிழரான சர் முத்து குமாரசுவாமியின் மகன் ஆனந்த குமாரசுவாமி, அவருடைய தெய்வங்கள் நாடக மேடை நடிகர்களைப் போல இருக்கின்றன, தெய்வீகம் இல்லை என்ற கருத்தில் எழுதினார். வங்காளத்து ஓவியர்களும் அதை ஆமோதித்தார்கள். அந்தக் குறையில் உண்மை இல்லாமல் இல்லை. சில படங்களில் நாடகக் கொட்டகையின் வாடை வீசத்தான் செய்கிறது. ஆனால் சாமிக்கு ஊதுபத்தி ஏற்றும் பாட்டியிடம் அந்தக் கட்டுரையை யார் படித்துக் காட்டுவது?

அவர் வகுத்த வழியில் தமிழ்நாட்டில் தனித் தலைமுறையே உருவானது. கோவில்பட்டியில் கொண்டையராஜுவும் அவருடைய மாணவர்களும் வரைந்த லட்சுமியும் முருகனும் மீனாட்சி கல்யாணமும் சிவகாசியில் அச்சாகி நாட்காட்டிகளாக உலகெங்கும் தமிழர் வீடுகளை அடைந்தன. மளிகைக் கடையில் தீபாவளிக்குக் கொடுக்கும் நாட்காட்டியைச் சுருட்டி எடுத்து வந்து, வருடம் முடிந்த பின் தேதித் தாளைக் கிழித்துவிட்டுப் படத்தை மட்டும் கண்ணாடி போட்டு மாட்டியவர்கள் நம்மில் எத்தனையோ பேர்.

1979இல் இந்திய அரசு ரவிவர்மாவின் படைப்புகளைத் தேசியக் கலைச் செல்வம் என அறிவித்தது. இந்தியாவில் உள்ள அவர் ஓவியங்களை இனி வெளிநாட்டுக்கு ஏற்றுமதி செய்ய முடியாது. மளவ்லி அச்சகமோ அதற்கு முன்பே, 1972இல் ஏற்பட்ட தீவிபத்தில் அழிந்துவிட்டது.