மலையேறிய பாட்டு

மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்தில், கம்பம் பள்ளத்தாக்கை ஒட்டி அமைந்த பண்ணைப்புரம், பாவலர் வரதராசனின் ஊர். பொதுவுடைமை இயக்கத்தில் இணைந்த அவர், தாமே பாட்டியற்றி, ஆர்மோனியத்தோடு ஊர்தோறும் மேடையேறினார். மக்கள் நாவில் பழகிய மெட்டுகளில் தம் சொற்களைப் பொருத்தினார்; மெட்டு பழையது, பொருளோ புதிது.

1958இல் கேரளத்தின் தேவிகுளத்தில் இடைத்தேர்தல் வந்தது. ஓராண்டே நிறைந்திருந்த ஈ.எம்.எஸ். நம்பூதிரிபாடு அரசுக்கு அது கடுஞ்சோதனை. அங்குள்ள தேயிலைத் தோட்டத் தொழிலாளருள் தமிழர் மிகுதி. எழுத்தறியாதாரிடம் துண்டறிக்கை என்ன பேசும்? வரதராசனின் பாட்டு பேசியது. ஆளுங்கட்சி வேட்பாளர் ரோசம்மா புன்னூஸ் வென்றார். வெற்றிக்குப் பாட்டு ஒன்றே காரணம் என்பது மிகை. எனினும் அதன் பங்கு சிறிதன்று.

ஏறத்தாழ அக்காலத்தில்தான் தம்பி இராசையாவும் அண்ணனின் குழுவில் சேர்ந்தார். சிற்றூர் மேடைகளே அவருக்கு முதல் இசைப்பள்ளி. 1976இல் ‘அன்னக்கிளி’ திரைப்படத்தால் அத்தம்பி இளையராஜாவாகப் புகழ்பெற்றபோது, கேட்டு மகிழ அண்ணன் உயிரோடு இல்லை.