ஒரே ராத்திரியில் 3 சாவு! கப்பலேற இருந்த பெண் டாக்டரானார்

வேலூர் சி.எம்.சி. ஆஸ்பத்திரிக்குப் போய் வராத குடும்பம் நம்ம பக்கத்தில் குறைவு. அதைத் தொடங்கிய ஐடா ஸ்கடர் அம்மையாருக்கு, ஆரம்பத்தில் இங்கே தங்கவே மனசில்லை!

1870-ல் ராணிப்பேட்டையில் பிறந்தவர். தாத்தா, அப்பா இருவரும் மிஷன் டாக்டர்கள். இவருக்கோ அமெரிக்காவில் சொகுசாக வாழ ஆசை. தாயாருக்கு உடம்பு சரியில்லை என்று திண்டிவனம் வந்தார். தேறியதும் கப்பலேறிவிட எண்ணம்.

ஓர் இரவு கதவைத் தட்டும் சத்தம். வந்தவர் ஒரு பிராமணர். இளம் மனைவிக்குப் பிரசவ வலி. அப்பாவை அனுப்புகிறேன் என்றார் ஐடா. அன்னிய ஆண் தொடக்கூடாது, நீங்கள் வாருங்கள் என்றார் அவர். ஐடாவுக்கு வைத்தியமே தெரியாது! அடுத்து ஒரு முஸ்லிம், பிறகு இன்னொரு இந்து. அதே கதைதான். பொழுது விடிந்ததும் சாவு மேளம் கேட்டது. மூன்று பெண்களும் செத்துப்போயிருந்தார்கள்.

விடிய விடிய ஜெபத்தில் போராடியவர், டாக்டருக்குப் படித்துவிட்டு இங்கேயே திரும்புவேன் என்று பெற்றோரிடம் சொல்லிவிட்டார்.

கார்னெல்லில் படித்து, சொன்னபடியே 1900-ல் வந்து இறங்கினார். சில மாதத்தில் அப்பா காலமானார். தனியாளாக, பங்களாவின் சின்ன அறையில் வைத்தியம். முதலில் ஜனங்கள் நம்பி வரவில்லை. 1902-ல் 40 படுக்கையுடன் ஆஸ்பத்திரி எழும்பியது. ஒண்டியாக எத்தனை பேரைப் பார்ப்பது? 1918-ல் பெண்களுக்கென்றே மருத்துவப் பள்ளி திறந்தார். அதுதான் பிற்பாடு காலேஜ் ஆனது. ஆண்களைச் சேர்த்தது 1947-ல்தான்!

அம்மையார் கல்யாணமே செய்துகொள்ளவில்லை. 1960 மே 24-ல் கொடைக்கானலில் காலமானார். வயது 89.