பெயரட்டையில் ஒரு புள்ளி: பால் ராண்டின் கதை

பெயரட்டை உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். அந்தச் சிறிய இடத்தில் நிறுவனத்தின் சின்னம், பெயர், பதவி, தொலைபேசி எண் எல்லாம் இடம்பெற வேண்டும். இதில் சின்னத்தை எவ்வளவு பெரிதாகப் போடுவது? எங்கே வைப்பது? இத்தகைய கேள்விகளோடு வாழ்நாள் முழுவதும் மல்லுக்கட்டியவர் அமெரிக்க வடிவமைப்பாளர் பால் ராண்ட். ஐபிஎம், யுபிஎஸ், ஏபிசி தொலைக்காட்சி ஆகியவற்றுக்குப் புகழ்பெற்ற சின்னங்களை வரைந்தவர் இவர்தான்.

1914ஆம் ஆண்டு ஆகஸ்ட் 15ஆம் தேதி, நியூயார்க்கின் புருக்ளின் வட்டாரத்தில் பிறந்தார். பெற்றோர் வைத்த பெயர் பெரெட்ஸ் ரோசன்பாம். சமயக் கட்டுப்பாடு மிகுந்த யூதக் குடும்பம். தந்தை மளிகைக் கடை நடத்தினார். அந்தக் கடைக்கும் பள்ளி நிகழ்ச்சிகளுக்கும் அறிவிப்புப் பலகை எழுதியதே சிறுவனின் முதல் வேலை. ஓவியம் சோறு போடாது என்பது தந்தையின் கவலை. எனவே பகலில் வழக்கமான பள்ளிப் படிப்பு, இரவில் பிராட் கல்விக்கழகத்தில் ஓவிய வகுப்பு என்று இரண்டையும் சமாளித்தார்.

யூதப் பெயர் விளம்பரத் துறையில் முன்னேறத் தடையாக இருந்த காலம் அது. அதனால் தம் பெயரைப் பால் ராண்ட் என மாற்றிக்கொண்டார். ஆங்கிலத்தில் எழுதினால் முன்னால் நான்கு எழுத்து, பின்னால் நான்கு எழுத்து. பார்த்தவுடன் மனத்தில் பதியும். அவர் உருவாக்கிய முதல் சின்னம் அவருடைய பெயர்தான் என்றுகூடச் சொல்லலாம்.

1938 முதல் ‘டைரக்‌ஷன்’ என்ற கலை இதழுக்கு அட்டைப்படம் வரைந்தார். பெரும்பாலும் ஊதியம் கிடையாது. ஆனால் விருப்பப்படி வரையும் சுதந்திரம் இருந்தது. அந்த அட்டைப்படங்கள் அவருக்குப் பேர் வாங்கித் தந்தன. 1956ல் யேல் பல்கலைக்கழகத்தில் கற்பிக்கத் தொடங்கினார்.

அதே ஆண்டு ஐபிஎம் நிறுவனத்தின் சின்னத்தைச் சீரமைக்கும் பொறுப்பும் அவரிடம் வந்தது. ராண்ட் எடுத்த எடுப்பிலேயே எல்லாவற்றையும் புரட்டிப் போடவில்லை. மக்கள் பழகிய மூன்று எழுத்துகளை வைத்துக்கொண்டு அவற்றின் வடிவத்தை மட்டும் திருத்தினார். எனினும் ஒரு குறை அவரை உறுத்தியது. முதல் எழுத்து ஒல்லி, கடைசி எழுத்து அகலம். மூன்றும் ஒட்டாமல் நின்றன. அவற்றின் குறுக்கே கோடுகளை ஓடவிட்டார். மூன்றும் ஒன்றாகின. இன்றும் நாம் காணும் எட்டுக் கோட்டுச் சின்னம் 1972ல் வந்தது.

இதில் நாம் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. எட்டுக் கோட்டுச் சின்னத்தோடு பதின்மூன்று கோட்டுச் சின்னமும் இருந்தது. உயர் அதிகாரிகளின் கடிதத்தாள், பெயரட்டை போன்ற இடங்களில், இன்னும் நேர்த்தியான தோற்றம் வேண்டும்போது மெல்லிய கோடுகள் கொண்ட இந்த வடிவம் பயன்பட்டது. சுவரொட்டியில் இருப்பதை அப்படியே சுருக்கிப் பெயரட்டையில் ஒட்டுவது வடிவமைப்பாகிவிடாது.

1986ல் ஸ்டீவ் ஜாப்ஸ் தமது புதிய நெக்ஸ்ட் நிறுவனத்துக்காக ராண்டை நாடினார். கட்டணம் 100,000 டாலர். பல மாதிரிகளைக் காட்டித் தேர்வு செய்யச் சொல்வது ராண்டின் வழக்கமல்ல. ஒரே தீர்வு, அதை விளக்கும் ஒரு கையேடு, அவ்வளவுதான். 28 பாகை சாய்ந்த கறுப்புக் கனசதுரம் ஜாப்ஸுக்குப் பிடித்துப்போனது.

பிறகு ஜாப்ஸின் பெயரட்டையையும் ராண்டே வடிவமைத்தார். அங்கேதான் சிக்கல். பெயரின் நடுவே ‘பி’ என்ற ஆங்கில முதலெழுத்தும் அதன்பின் ஒரு புள்ளியும் உண்டு. அந்தக் காலத்து ஈய அச்சில் வருவதுபோல் எழுத்துக்கு வலப்புறம் தள்ளிப் புள்ளி வைத்தார் ராண்ட். கணினியில்தான் நகர்த்த முடியுமே, எழுத்தின் வளைவுக்குக் கீழே புள்ளி வர வேண்டும் என்றார் ஜாப்ஸ். இருவரும் விட்டுக்கொடுக்காமல் வாதாடினர். கடைசியில் புள்ளி ஜாப்ஸ் சொன்ன இடத்துக்கே போனது. உலகப் புகழ் பெற்ற பின்னும், எழுபது வயதைத் தாண்டிய பின்னும், ஒரு புள்ளியை ராண்ட் அற்பமாக நினைக்கவில்லை.

1996 நவம்பர் 26ஆம் தேதி, 82வது வயதில் அவர் காலமானார். அடுத்த மாதமே நெக்ஸ்ட் நிறுவனத்தை ஆப்பிள் வாங்கப்போகும் அறிவிப்பு வெளியானது.

சின்னம் பொருளை விற்காது, அது யாருடையது என்று அடையாளம் மட்டுமே காட்டும் என்பது ராண்டின் உறுதியான கருத்து. நிறுவனத்தின் தரம்தான் சின்னத்துக்கு மதிப்பைத் தருகிறது. தரமில்லாத நிறுவனத்தை எவ்வளவு அழகான சின்னமும் காப்பாற்றாது.

நாளை உங்கள் கல்லூரி மன்றத்துக்கோ, நீங்கள் தொடங்கும் சிறுதொழிலுக்கோ பெயரட்டை அச்சிட நேரலாம். சின்னத்தைப் பெரிதாக்கும் முன், அதைச் சுற்றிக் கொஞ்சம் வெற்றிடம் விட்டுப் பாருங்கள். புள்ளிகள் சரியான இடத்தில் இருக்கின்றனவா என்றும் பாருங்கள். அட்டையை வாங்கிக்கொள்பவர் அதைச் சில நொடிகள்தான் பார்ப்பார். அதன்பின் அவர் பார்க்கப்போவது உங்கள் வேலையை.