காலைக் கட்டியதால் பிறந்த ஷாட்!

குட்டீஸ்... தெருவில் கிரிக்கெட் ஆடும்போது உங்களுக்கு இப்படி நடந்திருக்கிறதா? ஸ்டம்பை நோக்கி நேராக வருகிறது பந்து. நீங்கள் அதை முன்பக்கம் அடிக்காமல், மணிக்கட்டை லேசாகத் திருப்பி, முதுகுப் பக்கமாகத் தட்டி விடுகிறீர்கள். பந்து பவுண்டரிக்கு ஓடிவிடுகிறது. உடனே எதிரணிப் பையன்கள், இதெல்லாம் ஒரு ஷாட்டா, செல்லாது என்று சண்டைக்கு வருகிறார்கள்!

சுமார் 130 ஆண்டுகளுக்கு முன் இங்கிலாந்திலும் இதே பிரச்னைதான். அங்கே முகம் சுளித்தவர்கள் பெரியவர்கள், அவ்வளவுதான் வித்தியாசம். அப்படி அடித்தவர் ஓர் இந்திய இளைஞர். அவர் பெயர் ரஞ்சித்சிங்ஜி. 'ரஞ்சி கோப்பை' என்று பேப்பரில் படிக்கிறீர்களே... அந்த ரஞ்சி இவர்தான்.

1872, செப்டம்பர் 10ல் குஜராத்தின் கத்தியவார் பகுதியில், சடோதர் என்ற கிராமத்தில் பிறந்தார் ரஞ்சி. நவாநகர் மன்னர் இவரைத் தன் வாரிசாகத் தேர்ந்தெடுத்தார். ஆனால், மன்னருக்கே ஒரு மகன் பிறந்ததும் அந்த வாய்ப்பு கைநழுவிப் போனது. ராஜ்கோட்டில் படிக்கும்போது கிரிக்கெட் பழகினார். 1888ல் இங்கிலாந்துக்குச் சென்று, கேம்பிரிட்ஜ் டிரினிட்டி கல்லூரியில் சேர்ந்தார்.

அங்கே, நல்ல பந்துவீச்சாளர்களைச் சம்பளம் கொடுத்து வரவழைத்து, மணிக்கணக்கில் பந்து போடச் சொல்லி ஆடுவார். ஒரே ஒரு கோளாறு. வேகப்பந்து வந்தால், வலது கால் தானாகவே ஸ்டம்பை விட்டு விலகி ஓடும். (உங்களுக்கும்தானே? எனக்கும் அப்படித்தான்!) பயிற்சியாளர் டான் ஹேவர்டு ஒரு முரட்டு வைத்தியம் செய்தார். ரஞ்சியின் வலது காலை நகர முடியாதபடி தரையோடு கட்டிவிட்டார்!

கால் நகராது, பந்தோ உடம்பை நோக்கிச் சீறி வருகிறது. என்ன செய்வது? ரஞ்சி, இடது காலைக் குறுக்கே வைத்தார். இடுப்பை வளைத்தார். பந்து மட்டையைத் தொடும் நொடியில் மணிக்கட்டை மட்டும் திருப்பினார். பந்து வந்த வேகத்திலேயே அவருக்குப் பின்னால் வழுக்கிக் கொண்டு ஓடியது. 'லெக் கிளான்ஸ்' என்ற ஷாட்டை ரஞ்சியின் ஷாட் என்று உலகம் சொல்வது இதனால்தான். அவருக்கு முன் யாருமே அப்படித் தட்டியதில்லை என்று சொல்ல முடியாது. ஆனால், நேராக வரும் வேகப்பந்தை இத்தனை துணிச்சலாக, இத்தனை முறை தட்டியவர் வேறு யாரும் இல்லை.

வலது கை ஆட்டக்காரர் மட்டையோடு நிற்கும்போது, அவர் மார்பு இருக்கும் பக்கம் 'ஆப் சைடு'. முதுகுப் பக்கம் 'லெக் சைடு'. அந்தக் காலத்துப் பெரிய மனிதர்களுக்கு ஆப் சைடில் அடிப்பதுதான் அழகு. நேராக வரும் பந்தை லெக் சைடில் திருப்புவது மரியாதைக் குறைவு. ஆனால், விதியில் அப்படி ஏதாவது இருந்ததா? இல்லவே இல்லை! எந்தப் பந்தை எந்தப் பக்கம் அடிக்க வேண்டும் என்று கிரிக்கெட் விதி அன்றும் சொல்லவில்லை, இன்றும் சொல்லவில்லை. 2008ல் கெவின் பீட்டர்சன், பந்து வருவதற்குள் இடது கை ஆட்டக்காரர் போலத் திரும்பி சிக்சர் அடித்தபோதும் பெரிய விவாதம் எழுந்தது. விதிகளை வகுக்கும் எம்.சி.சி., அதுவும் செல்லும் என்றே சொல்லிவிட்டது.

விதி வைத்திருந்த ஆபத்து வேறு... எல்.பி.டபிள்யூ.! நேர்கோட்டில் தரையில் பட்டு ஸ்டம்புக்குப் போகும் பந்தை மட்டை தவறவிட்டு, கால் தடுத்தால் அவுட். ரஞ்சியின் காலோ குறுக்கே இருக்கிறது. ஒரு நூலிழை தப்பினால் பெவிலியன்தான். கண்ணும் மணிக்கட்டும் அவரைக் காப்பாற்றின.

இவ்வளவு திறமை இருந்தும் பல்கலைக்கழக அணியில் இடம் கிடைக்க 1893 வரை காத்திருந்தார். பிறகு சசெக்ஸ் அணிக்காக ரன் குவித்தார். 1896ல் ஆஸ்திரேலியா வந்தது. அப்போது எந்த மைதானத்தில் டெஸ்ட் நடக்கிறதோ, அந்த மைதானத்தினரே இங்கிலாந்து அணியைத் தேர்வு செய்வார்கள். லார்ட்சில் ரஞ்சிக்கு இடமில்லை. இந்தியர் ஆடக்கூடாது என்று எந்த விதியும் இல்லை, ஆனாலும் இடமில்லை!

அடுத்த டெஸ்ட் மான்செஸ்டரில். அங்கிருந்தவர்கள் அழைத்தார்கள். முதல் இன்னிங்சில் 62 ரன்கள். இரண்டாவது இன்னிங்சில், மணிக்கட்டு வரை பட்டன் போட்ட பட்டுச் சட்டை காற்றில் படபடக்க, ஜோன்சின் புயல் வேகப் பந்துகளைப் பின்னால் தட்டித் தட்டி 154 ரன்கள், அவுட் ஆகாமல்! கடைசி நாளில் உணவு இடைவேளைக்கு முன் மட்டும் 113 ரன்கள். இங்கிலாந்து தோற்றது, ஆனால், ரஞ்சியின் ஆட்டத்தைப் பார்த்த பிறகு யாரும் முகம் சுளிக்கவில்லை. அதே ஆண்டு ஆகஸ்ட் 22ல், யார்க்ஷயர் அணிக்கு எதிராக ஒரே நாளில் இரண்டு சதம் வேறு!

மொத்தம் 15 டெஸ்ட், 989 ரன்கள். எல்லாமே இங்கிலாந்துக்காக. 1907ல் நவாநகர் மன்னரானார். 1915ல் வேட்டையின்போது குண்டு பட்டு வலது கண் பறிபோனது. அப்படியும் 1920ல், 48 வயதை நெருங்கும்போது, ஒற்றைக் கண்ணோடு சசெக்சுக்காக மூன்று போட்டிகளில் ஆடிப் பார்த்தார்! ரன்கள் வரவில்லை.

ஒரு வருத்தம் உண்டு குட்டீஸ். இந்திய கிரிக்கெட்டுக்காக அவர் பெரிதாக எதுவும் செய்யவில்லை. அவருடைய சகோதரர் மகன் துலீப்சிங்ஜியும் இங்கிலாந்துக்கே ஆடினார். இந்தியா முதல் டெஸ்ட் ஆடியது 1932ல். மறு ஆண்டு ஏப்ரல் 2ல் ரஞ்சி இறந்தார்.

1934ல் அவர் பெயரில் கோப்பை தொடங்கியபோது முதல் ஆட்டம் எங்கே நடந்தது தெரியுமா? நம் சென்னை சேப்பாக்கத்தில்! நவம்பர் 4ல் மெட்ராசும் மைசூரும் மோதின. ராம்சிங் 11 விக்கெட்டுகளை அள்ள, காலையில் தொடங்கிய ஆட்டம் அன்றைக்கே முடிந்து, மெட்ராஸ் ஜெயித்துவிட்டது.